ஒரு மூடி மருந்து

காலை ஏழே முக்காலுக்குள் அந்தக் காப்பகத்தின் வாசல் செருப்புகளால் நிறைந்துவிடும். பதினான்கு குழந்தைகளின் செருப்புகள். ஒரு ஜோடியாவது இடம் வலம் மாறிக் கிடக்கும். ஒற்றைச் செருப்பு ஒன்று அழுகிற குழந்தையின் கையிலேயே கூடத்துக்குள் போயிருக்கும்.

காப்பகத்தை நடத்துகிறவளை எல்லோரும் சித்தி என்றே கூப்பிட்டார்கள். குழந்தைகள் கூப்பிட்டார்கள், அவர்களைப் பெற்றவர்கள் கூப்பிட்டார்கள், பால் போடுகிறவர் கூப்பிட்டார். ஒருநாள் கவனப்பிசகாக அவள் கணவரே "சித்தி, சாவி எங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் கேலிக்கு ஆளானார்.

அன்றைக்குக் கடைசியாக ஓடி வந்தவள் பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் இன்னும் போடவில்லை. இடுப்பில் ஐந்து மாதக் கைக்குழந்தை, கையில் நான்கு வயது மகள். அந்தப் பெண்ணுக்கு வாயாடி என்று பெயர் வைத்ததே சித்திதான். வாசல்படியில் கால் வைப்பதற்குள் முந்தைய நாள் வீட்டில் நடந்த சண்டை முழுவதையும் சொல்லி முடித்திருப்பாள்.

"சித்தி, இவளுக்கு நேத்துலேர்ந்து மூக்கு ஒழுகுது. காய்ச்சல் இல்ல. ஆனா..."

"விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

"போன் பண்ணிடாதீங்க. இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் லீவு போட்டாச்சு. டிப்போவுல மூஞ்சியக் காட்டுறாங்க."

"என்னைக்காவது பண்ணியிருக்கேனா? போடி, பஸ் போயிடப் போகுது."

கண்டக்டர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினாள். சித்தி கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். வாயாடியின் மூக்கைத் துடைத்தாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவுத் தட்டில் இருந்த இளஞ்சிவப்பு மருந்தைக் குலுக்கி, மூடி நிறைய ஊற்றினாள்.

"ஆ காட்டு."

"அது ஸ்ட்ராபெர்ரியா சித்தி?"

"ஆமா, வாயை மூடி முழுங்கு."

அந்த மருந்து ஓர் ஆன்டிபயாடிக். சித்திக்கு அது தெரியும். முதல் முறை வாங்கியபோது மட்டும் மருந்துக் கடைக்காரர் "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்டார். பிறகு அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். மூக்கு ஒழுகினால் இரண்டு நாள், இருமினால் மூன்று நாள். குழந்தை தெளிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவாள். மிச்சம் அடுத்த குழந்தைக்கு. தானாகவே சரியாகிற சளியும் மருந்தால்தான் சரியானது என்று அவள் நம்பினாள், பெற்றவர்களும் நம்பினார்கள்.

அவளை அலட்சியக்காரி என்று சொல்லிவிட முடியாது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலையில் இருந்தபோது, மகளுக்குச் சளி என்று காப்பகத்திலிருந்து மாதம் மூன்று முறை போன் வந்து, கடைசியில் வேலையே போனது. தன்னிடம் பிள்ளையை விடுகிற எந்தத் தாய்க்கும் அந்த போன் போகக் கூடாது என்பது அவள் வைராக்கியம். பக்கத்துத் தெருக் காப்பகத்தில் தும்மினாலே திருப்பி அனுப்பினார்கள். சித்தி யாரையும் அனுப்பியதில்லை. அவளிடம் இடம் கிடைப்பதற்காகப் பிள்ளை பிறக்கும் முன்பே சொல்லிவைத்தவர்கள் இருந்தார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்த மருந்தைத் தொடக்கூட மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை. கைக்குழந்தை காலையிலிருந்தே பால் குடிக்கவில்லை. தூக்கினால் வீறிட்டான், தொட்டிலில் போட்டால் முனகினான். உடம்பு கொதித்தது. சித்தி ஈரத்துணியால் துடைத்தாள். மடியில் போட்டு ஆட்டினாள். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். பதினோரு மணிக்கு அழுகை சட்டென்று நின்றது. அவள் பயந்ததே அப்போதுதான். கண்கள் பாதி திறந்து எங்கேயோ பார்த்தன. தலையைத் தடவியபோது உச்சிக்குழி பள்ளமாக இல்லை. விரலுக்கடியில் விம்மிப் புடைத்திருந்தது.

உதவிக்கு இருந்த ஆயாவிடம் மற்ற பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, வந்த முதல் வாடகைக் காரை மறித்து ஏறினாள். காருக்குள்ளிருந்து, தன் வாழ்நாளில் யாருக்கும் பண்ணாத அந்த போனைப் பண்ணினாள்.

கண்டக்டர் அப்போது நிற்க இடமில்லாத பஸ்ஸின் நடுவில் இருந்தாள். பேசி முடிப்பதற்குள் விசிலை ஊதினாள். பஸ் பாலத்தின் ஓரத்தில் நின்றது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், டிக்கெட் பையைக் கழற்றி டிரைவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, பிடிங்க. பிள்ளைக்கு என்னமோ ஆகுது."

"நடுவழியில இறங்கினா எப்படிம்மா? நாங்கல்லாம் வேலைக்குப் போக வேணாமா?" என்று யாரோ கத்தினார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் முதுகிலிருந்து ஊசியால் நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் கலங்கலாக வந்தது. குழந்தைகள் டாக்டர் வயதில் சின்னவள். தூக்கம் கெட்ட கண்கள். இரண்டு பெண்களையும் உட்காரச் சொன்னாள். இருவரும் உட்காரவில்லை.

"மூளையச் சுத்தி ஒரு உறை இருக்கும்மா. அதுல கிருமி போயிருக்கு. மூளைக்காய்ச்சல். ஊசி மருந்து ஆரம்பிச்சுட்டோம். இதுக்கு முன்னாடி பிள்ளைக்கு ஏதாவது ஆன்டிபயாடிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். பொறந்ததுலேர்ந்து ஒண்ணும் குடுக்கல." கண்டக்டரின் குரல் உடைந்தது. "ரெண்டாவது தடுப்பூசிதான் தள்ளிப்போச்சு. லீவு கிடைக்கல. அடுத்த வாரம் போடலாம்னு..."

"நானும் குடுக்கலம்மா," என்றாள் சித்தி. "ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு நான் குடுக்கவே மாட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தாள்.

"அப்ப ஒரு வயசு ஆன பிள்ளைக்கு?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் ஓடி வந்து டாக்டரைக் கூப்பிட்டாள். கேள்வி அப்படியே நின்றுபோனது. டாக்டர் மறந்திருக்கலாம். சித்தியால் முடியவில்லை.

அடுத்த இரண்டு நாட்களும் அவள் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. காப்பகத்தில் இருந்தால் ஆஸ்பத்திரி நினைப்பு. ஆஸ்பத்திரியில் இருந்தால் காப்பக நினைப்பு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டும்போது ஒவ்வொரு மூக்கையும் பார்த்தாள். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. வாயாடி ஓடினாள், பாடினாள், "தம்பி எப்ப வருவான்?" என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்டாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அங்கே தம்பிக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. வெளியூரில் கட்டட வேலையிலிருந்த அப்பா வந்து சேர்ந்திருந்தார். வந்ததிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நகரவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் சொன்னாள்: "நாங்க குடுத்த மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படல. பரிசோதனையில தெரிஞ்சுடுச்சு. மருந்த மாத்தறோம். ரெண்டு நாள் வீணாப்போச்சு. இனிமே வேகமாப் பாக்கணும்."

சித்தி யாரிடமும் சொல்லாமல் மாடிப்படி இறங்கிப் பரிசோதனைக் கூடத்தைத் தேடிப் போனாள். அங்கே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இருந்தார். முதலில் "இங்கெல்லாம் வரக் கூடாது" என்றார். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து மூடிபோட்ட வட்டத் தட்டு ஒன்றை எடுத்துவந்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே காட்டினார்.

தட்டில் சிவப்பாக ஏதோ உறைந்திருந்தது. அதன்மேல் மெல்லிய பச்சைப் படலம். நடுநடுவே சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளை வில்லைகள்.

"பச்சையாத் தெரியறது கிருமி. இந்த வில்லைங்க ஒவ்வொண்ணும் ஒரு மருந்து. இதப் பாருங்க, இதச் சுத்தி வட்டமா ஒண்ணும் வளரல. கிருமி இந்த மருந்துக்குப் பயப்படுது. இப்பக் குடுக்கறது இதத்தான்." அவர் விரல் நகர்ந்தது. "இந்த வில்லையப் பாருங்க. முதல்ல குடுத்த மருந்தும் இந்தக் குடும்பந்தான்."

அந்த வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. பச்சைப் படலம் அதன் விளிம்புவரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது எந்த மருந்து?"

அவர் பெயரைச் சொன்னார். அந்த இளஞ்சிவப்பு பாட்டிலில் ஒட்டியிருந்த பெயருக்கு உடன்பிறப்பு போன்ற பெயர். முதல் பாதி மட்டும் வேறு.

"ஆனா இந்தப் பிள்ளை மருந்தே குடிச்சதில்லயேம்மா!"

"அது குடிச்சிருக்கணும்னு இல்ல. சுத்தியிருக்கற பிள்ளைங்க குடிச்சிருந்தாப் போதும். இந்தக் கிருமி நல்லா ஓடியாடற பிள்ளைங்க மூக்குலயும் தொண்டையிலயும் சும்மா உக்காந்திருக்கும். அதுங்கள ஒண்ணும் பண்ணாது. சளிக்கெல்லாம் அடிக்கடி ஆன்டிபயாடிக் குடுத்தா என்ன ஆகும்? சளி வேற கிருமியால வர்றது, அதுக்கு இந்த மருந்து கேக்காது. ஆனா மூக்குல இருக்கற இந்தக் கிருமியில சாகறது செத்துடும், சாகாதது மட்டும் தங்கிடும். இடம் காலி, போட்டியும் கிடையாது. அப்புறம் ஒரு தும்மல், ஒரு முத்தம். கைக்குழந்தைக்குப் போயிடும்."

வாயாடி காப்பகத்துக்குள் நுழைந்ததும் முதலில் செய்வது தம்பியின் தொட்டிலில் எட்டி முத்தம் கொடுப்பதுதான். போகும்போது இன்னொன்று. நடுவில் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை.

சித்தி படியேறினாள். டாக்டரிடம் போய், நின்றுபோன கேள்விக்குப் பதில் சொன்னாள். எத்தனை வருடமாக, எத்தனை பிள்ளைகளுக்கு, யாரிடம் வாங்கி, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சித்திக்குப் பட்டது. பிறகு வராந்தாவில் கண்டக்டரிடம் வந்து, அதையே மறுபடி சொன்னாள்.

கண்டக்டர் முழுவதையும் கேட்டாள். வாயாடியின் பெயர் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க சித்தி," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சுகாதார நர்ஸ் காப்பகத்துக்கு வந்தார். பெற்றவர்களின் சம்மதத்தோடு மீதிப் பதின்மூன்று பிள்ளைகளின் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார். சனிக்கிழமை மதியம் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மடிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பதிமூணு பேர்ல எட்டுப் பேர் மூக்குல அந்தக் கிருமி இருக்கு," என்றார் நர்ஸ். "அதுல அஞ்சு பேர்கிட்ட இருக்கறது சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத வகை. பயப்படாதீங்க. எட்டுப் பேரும் ஆரோக்கியமா இருக்காங்க. யார் யாருன்னு இங்க சொல்லப் போறதில்ல. யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னும் சொல்ல முடியாது."

பயப்படாதீர்கள் என்றதும் எல்லோரும் பயந்தார்கள். தன் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டவர்கள், பக்கத்துப் பிள்ளையிடமிருந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டவர்கள் என்று கூடமே கலைந்தது.

"எதுக்கு வம்பு? எல்லாப் பிள்ளைக்கும் மருந்தக் குடுத்து ஒரேயடியா அழிச்சுடுங்க," என்றார் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அப்பா.

"கண்டக்டர் பொண்ண இனிமே இங்க சேக்கக் கூடாது. அது வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது," என்றாள் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா.

"நல்லா இருக்கற பிள்ளைக்கு இந்தக் கிருமிக்காக மருந்து தேவையில்ல," என்றார் நர்ஸ். "குடுத்தா அடங்காத வகைதான் இன்னும் பெருகும். தடுப்பூசிய நாள் தவறாமப் போடுங்க. கை கழுவுங்க. சளி பிடிச்ச பிள்ளைய கைக்குழந்தைகிட்டேர்ந்து தள்ளி வைங்க."

கணினிக்காரர் அவர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. சித்தியின் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீங்க குடுத்துடுங்க சித்தி. நீங்கதான் எப்பவும் பாத்துக்குவீங்களே."

சித்தி எழுந்தாள். நாற்காலி சரிந்து விழுந்தது.

"குடுக்க மாட்டேன். இத்தனை வருஷம் குடுத்ததாலதான் இன்னைக்கு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கு. ஒவ்வொரு மூக்கொழுகலுக்கும் ஒரு மூடி ஊத்தினவ நான். டாக்டர் சொல்லல, யாரும் சொல்லல. உங்களுக்கு போன் வரக் கூடாதுன்னு குடுத்தேன். வாயாடிய வெளிய அனுப்பணும்னா முதல்ல என்னை அனுப்புங்க. அவ மூக்குல அத வளத்தது நான்."



"எங்களைக் கேக்காம எப்படிக் குடுப்பீங்க?" கணினிக்காரர் முகம் சிவந்து கத்தினார். "நான் குடுக்கச் சொன்னேனா?"

"இப்பச் சொன்னீங்களே சார்," என்றாள் தையற்கடை அம்மா. கொஞ்சம் முன்பு வாயாடியைத் துரத்தச் சொன்னவள் அவள்தான். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நாம எல்லாருமே வாய விட்டுக் கேக்காமக் கேட்டவங்கதான். காலையில ஒழுகற மூக்கோட விட்டுட்டுப் போவோம், சாயந்தரம் சுத்தமாத் திரும்பி வரும். எப்படின்னு ஒருநாளாவது கேட்டோமா?"

அந்த வாரம் மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. சித்தி தடுக்கவில்லை. நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு புதிய ஏற்பாடுகள் செய்தாள். காய்ச்சல் இல்லாத சாதாரணச் சளி என்றால் பிள்ளை இருக்கலாம், மருந்து கிடையாது. காய்ச்சல் என்றால் போன் போகும். தொட்டில் குழந்தைகளுக்குத் தனி அறை. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மருந்தும் வாசலைத் தாண்டக் கூடாது.

மருந்துக் கடைக்கும் போனாள். கடைக்காரர் பழக்கத்தில் பாட்டிலை எடுத்து வைத்தார். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. ஆனாலும் சொன்னார்: "நான் குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்கம்மா."

"அடுத்த கடைக்கும்தான் போறேன். அதுக்கடுத்த கடைக்கும். எனக்கு வேற வேலை என்ன இருக்கு?"

உண்மையிலேயே போனாள். ஒரு கடையில் அவளை உட்காரவைத்துக் கேட்டார்கள். இன்னொன்றில் வாசலிலேயே வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் மறுபடி நடந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும், சமையலறைக்கும் கூடத்துக்கும்.

புது மருந்து கேட்டது. இருபதாம் நாள் குழந்தை வீடு திரும்பினான். கண்டக்டர் ஒரு மாதமாகச் சித்தியிடம் பேசவில்லை. மூளைக்காய்ச்சல் காதைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்கும் செவித்திறன் பரிசோதனைக்கு நாள் குறித்திருப்பதை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, சித்தி யாரும் கூப்பிடாமலே போய் அந்த அறைக்கு வெளியே காத்திருந்தாள். பெஞ்சில் இடமிருந்தும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு கண்டக்டர் வந்தாள். தோளில் பிள்ளை.

"இடது காது கேக்காதாம். வலது காது நல்லா இருக்காம். உயிர் பொழச்சதே பெரிசுன்னு டாக்டர் சொல்றாங்க."

சித்தி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் அவளையே பார்த்தாள்.

"கோபம் போயிடுச்சான்னு மட்டும் கேக்காதீங்க. போகல. ஆனா உங்க ஒருத்தர் மேல போட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியல. நானும்தான் கண்ண மூடிக்கிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில இருபது நாள் உக்காந்து இதையேதான் நினைச்சேன். மத்த மருந்து குடிச்சவங்களோட போயிடும் சித்தி. ஆன்டிபயாடிக் அப்படி இல்ல, அது ஊருக்கே பொதுவானது. ஒரு பிள்ளைக்குத் தேவையில்லாமக் குடுத்தா, உயிருக்குப் போராடற இன்னொரு பிள்ளைக்கு அது வேலை செய்யாமப் போயிடும். டாக்டர் சொல்லாம அதத் தொடக் கூடாது. இத நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நான் டிப்போவுல சொல்றேன்."

உள்ளேயிருந்து கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பிள்ளையைச் சித்தியின் கையில் கொடுத்தாள்.

"வலது பக்கமா நின்னு கூப்பிடுங்க. அப்பத்தான் திரும்புவான்."